வரகுக் கிறக்கம்

கொல்லிமலையில் கிறக்கம் என்று சொன்னால் அது தூக்கம் இல்லை. மயக்கமும் இல்லை. குடிகாரனுக்கு ஏறுகிற போதையைப் போய் யாராவது கிறக்கம் என்று சொன்னால் திண்ணனூர் நாட்டுக்காரர்களுக்குக் கோபமே வந்துவிடும். கீழே சமவெளியில் இந்தச் சொல்லைக் காதலுக்கும் கத்தரிக்காய்க்கும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். போகட்டும், அவர்களுக்கு வரகு தின்று பழக்கமில்லை. மலையில் கிறக்கம் என்றால் புது வரகு தின்றவனுக்கு வருவது.

அறுப்பு நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் கதிர் நனைந்துவிடும். அந்த வரகைக் காயப்போட்டுக் குத்திப் பொங்கித் தின்றால் கொஞ்ச நேரத்தில் தலை சுற்றும், கால் பின்னும், வாந்தி வந்தாலும் வரும், கண் தானாகச் சொருகும். மோரைக் குடித்துவிட்டுப் படுத்தால் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாளில் தெளிந்துவிடும். அதனாலேயே வரகைப் பல மாதம் கிடப்பில் போட்டுப் பழசாக்கித்தான் தின்பார்கள். ஆனாலும் வெள்ளாமை வீட்டுக்குள் வந்ததும் சாமிக்கு ஒரு பிடி பொங்கி வைத்துவிட்டு, ஆளுக்கு ஒரு கையாவது தின்னாமல் எப்படி இருப்பது? தின்பார்கள். மறுநாள் ஊரில் யாராவது சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். பார்க்கிறவர்கள் எல்லாம் சிரிப்பார்கள்.

சிரிக்கிற விஷயம்தான் அது. பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் தலையை இடித்துக்கொண்டு தூங்குகிறவனைத் தட்டி, "என்னப்பா, கிறக்கமா?" என்பார்கள். கல்யாணச் சாப்பாடு முடிந்து பந்தலிலேயே சாய்ந்துவிட்ட பெரியவரைப் பார்த்தும் அதே கேள்விதான். அந்த ஒரு சொல் போதும், ஒரு வண்டிச் சனம் சிரிக்கும்.

அந்தச் சொல்லுக்குச் சொந்தக்காரன் என்று ஊரில் ஒருவனைக் காட்டச் சொன்னால் மாதேஸ்வரனைத்தான் காட்டுவார்கள். முப்பத்தெட்டு, நாற்பது வயது இருக்கும். மரவள்ளி பிடுங்குவது, மிளகு பறிப்பது, வாசலூர்பட்டி ஏரிப் பக்கம் எழும்புகிற காட்டேஜ்களுக்குக் கல் சுமப்பது என்று கிடைத்த வேலைக்குப் போவான். ஊரே மரவள்ளிக்கு மாறின பிறகும் சரிவில் இருந்த ஒரு துண்டு நிலத்தில் அவன் மட்டும் வரகு விதைத்தான். பெரிய கொள்கை ஒன்றும் கிடையாது. "அந்தச் சரிவுல மரவள்ளி வெச்சா மழைக்குக் கெழங்கு தனியா உருண்டு அடிவாரத்துப் புளியஞ்சோலைக்குப் போயிடுமுங்க" என்பான். வாய்க்காரன். நாலு பேர் கூடினால் கதை சொல்லாமல் இருக்க அவனால் முடியாது.

அவன் கதைகளில் பெரிய கதை, அவன் பெண் பார்க்கப் போன கதை. கோகிலாவின் வீட்டில் அன்றைக்குப் புது வரகுச் சோறு, மொச்சைக் குழம்பு. மாப்பிள்ளை என்று மூன்று முறை சோறு போட்டுவிட்டார்கள். பெண் தண்ணீர்ச் சொம்போடு வந்து நின்றபோது மாப்பிள்ளை சுவரில் சாய்ந்து வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். எழுப்பினால் எழவில்லை. கூட வந்த சொந்தக்காரர்கள் பாதிப் பேரும் அப்படியே. மறுநாள் மத்தியானம்தான் கண் விழித்தான். எதிரே கோகிலா மோர்ச் சொம்போடு நின்றாள். "பொண்ணு புடிச்சிருக்குதுங்களா?" என்று யாரோ கேட்க, "எந்தப் பொண்ணு?" என்று கேட்டிருக்கிறான். அதிலேயே கோகிலா சிரித்துவிட்டாள். கல்யாணம் முடிவாகிவிட்டது.

இந்தக் கதையை அவன் வாயால் மட்டும் சொல்ல மாட்டான். தலை எப்படிச் சாய்ந்தது, தாடை எப்படித் தொங்கியது, குறட்டைக்கு ஈ எப்படிப் பயந்து ஓடியது என்று எல்லாவற்றையும் நடித்துக் காட்டுவான். இதை எத்தனை முறை கேட்டாலும் சலிக்காத ஆள் ஒன்று உண்டு. அவன் மகள் இளமதி. மூன்றாம் வகுப்பு. ஒற்றைப் பிள்ளை. கல்யாணமாகி ஏழு வருசம் குழந்தை இல்லாமல், ஏறாத கோவில் எல்லாம் ஏறிப் பிறந்தவள். சாயங்காலம் அவன் வேலையிலிருந்து வந்து காலைக் கழுவுவதற்குள், "அப்பா, கெறக்கம் வந்த கதை சொல்லுப்பா" என்று முதுகில் ஏறிக்கொள்வாள். அவன் தலையைத் தொங்கப் போட்டதும் அவன் இமையை விரலால் தூக்கிப் பார்த்துக் கெக்கலி கொட்டுவாள். அவன் உலகமே அவள்தான். இதைச் சொல்ல எனக்கு வேறு வார்த்தை தேடத் தோன்றவில்லை.

அந்த வருசம் கார்த்திகை மழை விடாமல் அடித்தது. வரகு அறுத்துக் கட்டி வைத்த அரிகள் களத்திலேயே நனைந்தன. இன்னும் விட்டால் முளைத்துவிடும் என்று மாதேஸ்வரனும் கோகிலாவும் கட்டுக்கட்டாகச் சுமந்து வந்து வீட்டுக்குள்ளேயே சுவரோரம் அடுக்கினார்கள். வீடே ஒரே அறை. பாதியை வரகு எடுத்துக்கொண்டது. மீதிப் பாதியில் அடுப்பும் பாயும். "அப்பா, நம்ம ஊடே களமாயிடுச்சு" என்று இளமதிக்குக் கொண்டாட்டம். அரிக்குப் பக்கத்தில்தான் படுப்பேன் என்று அடம் பிடித்துப் பாயை இழுத்துப் போட்டுக்கொண்டாள். தானியம் இருக்கிற இடத்துக்கு எலி வரும், எலி இருக்கிற இடத்துக்கு எது வரும் என்று மலையில் பிறந்த எவருக்கும் தெரியும். தெரிந்து என்ன, மழை நேரத்தில் எல்லாருடைய வீட்டிலும் அப்படித்தான் அடுக்கியிருந்தது.

அன்றைக்கு ராத்திரி ஒரு படி வரகை அடுப்பங்கரையில் வறட்டிக் குத்தி, சாமிக்கு வைத்து, மூன்று பேரும் தின்றார்கள். மாதேஸ்வரன் நிறையவே தின்றான். இளமதிக்கு இரண்டு கை. "இன்னிக்கு நமக்கும் கெறக்கம் வருமாப்பா?" என்று ஆசையோடு கேட்டாள். அவளுக்கு அது திருவிழா மாதிரி ஏதோ ஒன்று.

காலையில் மாதேஸ்வரன் எழுந்து நின்றதும் தரை சாய்ந்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கோகிலாவும் தலையைப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். இளமதி வயிறு வலிக்கிறது என்றாள். கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுத்தாள். பிறகு சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்து, "அப்பா, கண்ணு தொறக்க வரலைப்பா" என்றாள். நாக்கு குழறியது. இமை இரண்டும் பாதிக்கு மேல் எழவில்லை.

"வந்துடுச்சு, எம் பொண்ணுக்கும் வந்துடுச்சு!" என்று மாதேஸ்வரன் கை தட்டினான்.

பக்கத்து வீட்டுக் குப்பாயி எட்டிப் பார்த்தாள். ஐம்பதைத் தாண்டியவள், ஊரில் எல்லாருக்கும் முன்னே நின்று உதவுகிறவள். மூன்று பேரும் மூன்று பக்கம் சாய்ந்திருந்த கோலத்தைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எங்களுக்கு ஒரு வாய் குடுக்காம தின்னீங்களா? நல்லா வேணும்" என்று போய் மோர் கொண்டு வந்து வைத்தாள்.

இளமதிக்குக் கோகிலா மோரைப் புகட்டினாள். இறங்கவில்லை. மூக்கு வழியாக வந்தது.

"ஏனுங்க, மோரு உள்ள போக மாட்டேங்குது."

"கெறக்கத்துல தொண்டையும் தூங்குது புள்ள. இப்பக் குடுக்காத, பொறை ஏறிடும். தூங்கி எந்திரிக்கட்டும்."

மகளைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டான். அவள் கண்ணை முழுசாக மூடிவிட்டாள். அவளுக்குப் பிடித்த கதையை அவன் ஆரம்பித்தான். உனக்கு ஊட்டுக்குள்ள கிறக்கம், உங்கப்பனுக்குப் பொண்ணு பாக்கப் போன இடத்துலயே கிறக்கம் என்று தொடங்கி, மொச்சைக் குழம்பு, ஈ, குறட்டை, மோர்ச் சொம்பு ஒன்றையும் விடவில்லை. அவள் சிரிக்கவில்லை. "சரியான தூங்குமூஞ்சி, கதையைக்கூடக் கேக்காமத் தூங்குது பாரு" என்று கன்னத்தைக் கிள்ளினான். அவள் கண்ணோரத்தில் தண்ணீர் வழிந்தது. துண்டால் துடைத்துவிட்டுப் பாயில் படுக்க வைத்தான்.

உச்சிப்பொழுதில் மாதேஸ்வரனுக்குத் தலைச்சுற்று நின்றுவிட்டது. கோகிலாவுக்கும் அப்படித்தான். அடுப்பு மூட்டி எழுந்தவள் மகளைத் தொட்டுப் பார்த்தாள். கையைத் தூக்கி விட்டால் துணி மாதிரி விழுந்தது.

"நமக்குத் தெளிஞ்சிருச்சு. இவளுக்கு இன்னும் தெளியலையேங்க. செம்மேட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிப் பாத்துட்டு வரலாமுங்களா?"

"சின்ன ஒடம்பு கோகிலா. நேரமாகும். கெறக்கத்துக்கு ஊசி போட்டாங்கன்னு எங்கயாச்சும் கேட்டிருக்கியா? டாக்டரே சிரிப்பாரு. தூங்கட்டும் உடு."

அவன் கெட்டவன் இல்லை. அசட்டை செய்கிறவனும் இல்லை. இருமினால் கூட மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுகிறவன்தான். வேறு எந்த நாளாக இருந்தாலும், வேறு எதைத் தின்றிருந்தாலும், குழந்தைக்குக் கண் திறக்க வரவில்லை என்றதும் அவன் அரை நிமிசம் நின்றிருக்க மாட்டான். அன்றைக்கு மட்டும் அவனுக்கு விடை கையிலேயே இருந்தது. பிறந்ததிலிருந்து பார்த்த, பட்ட, சிரித்த விடை. அதுதான் அவன் குடியைக் கெடுத்தது.

பொழுது சாய்கிற நேரத்தில் கோகிலா போட்ட சத்தத்துக்கு ஊரே ஓடி வந்தது. பிள்ளையின் மூச்சு தொண்டைக்குழியில் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. உதடு கறுத்திருந்தது. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டு அது மேலே ஏறி வருவதற்குள் என்னாகுமோ என்று செல்லமுத்து தன் குட்டியானை வண்டியை எடுத்தான். மரவள்ளி மூட்டை ஏற்றுகிற வண்டி. பொழுது சாய்ந்தால் செம்மேட்டில் டாக்டர் இருக்க மாட்டார் என்று நேரே அடிவாரத்துக்கு விட்டான். பின்னால் சாக்கு விரித்து, கோகிலா மடியில் பிள்ளை, பக்கத்தில் மாதேஸ்வரன். வளைவுக்கு வளைவு வண்டி சாய்ந்தது. கோகிலா அலறிக்கொண்டே வந்தாள். எப்போதும் வாய் ஓயாத மாதேஸ்வரன் ஒரு வார்த்தை பேசவில்லை. தூங்குகிற பிள்ளையிடம் என்ன பேசுவது? பல்லைக் கடித்துக்கொண்டு அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அடிவாரம் தெரிகிற வளைவு வந்தபோது தொண்டைக்குழி ஆடுவது நின்றுவிட்டது.

கீழே ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, முழங்கைக்கு மேலே இரண்டு சின்னப் புள்ளிகளைக் காட்டினார்கள். கொசு கடித்ததுபோல் இருந்தது. வீக்கம் இல்லை, ரத்தம் இல்லை. கட்டுவிரியன் என்றார்கள். தூக்கத்தில் கடித்தால் கடிபட்டவருக்கே தெரியாதாம். அதே நேரத்தில் ஊரில் குப்பாயியும் மற்றவர்களும் சந்தேகப்பட்டு வரகு அரியைப் பிரித்தபோது அடிக்கட்டுக்குள் அது சுருண்டு கிடந்தது. அடித்துப் போட்டார்கள். அடித்து என்ன ஆகப்போகிறது?

மாதேஸ்வரனுக்குப் பித்துப் பிடித்துவிடும் என்றுதான் ஊர் நினைத்தது. பிள்ளையை மண்ணில் வைத்துவிட்டு வந்த பிறகு அவன் தலையைச் சுவரில் முட்டிக்கொண்டான். நான்தான் கொன்னுட்டேன், நான்தான் கொன்னுட்டேன் என்று அதையே சொன்னான். அப்போது குப்பாயி அவன் தலையைப் பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு வார்த்தை சொன்னாள்.

"அழுவாத சாமி. புள்ளைக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. தூக்கத்துலயே போயிட்டா. நோவு தெரியாம, பயம் தெரியாமப் போயிட்டா. அந்த மட்டுக்கும் சாமி கண்ணைத் தொறந்துச்சு."

அந்த வார்த்தையை மாதேஸ்வரன் பிடித்துக்கொண்டான். வெள்ளத்தில் போகிறவன் வேரைப் பிடிக்கிற மாதிரிப் பிடித்துக்கொண்டான். துக்கம் கேட்க வந்தவர்களிடம் எல்லாம் அவனே சொன்னான், தூக்கத்துலயே போயிட்டாங்க, ஒண்ணும் தெரியாதுங்க என்று. வேலை இடத்தில் யாராவது விசாரித்தாலும் அதைத்தான் சொன்னான். சொல்லச் சொல்ல அவனுக்கு மூச்சு விட முடிந்தது. சில மாதங்களில் வேலைக்குப் போனான். சோறு தின்றான். படுத்தால் தூங்கினான். தூங்குகிறோமே என்று வெட்கமாகக்கூட இருந்தது.

கிறக்கம் என்ற சொல் மட்டும் அந்த ஊரை விட்டே போய்விட்டது. அவன் இருக்கிற இடத்தில் யாரும் அதைச் சொல்வதில்லை. பஸ்ஸில் தூங்குகிறவனைப் பார்த்து யாராவது வெளியூர்க்காரன் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டால் முன் சீட்டிலிருந்து திரும்பி முறைப்பார்கள். வரகு விதைத்த சரிவில் புல் மண்டிவிட்டது.

கோகிலா மாறிப்போனாள். மற்றவர்களிடம் பேசுவாள், வேலைக்குப் போவாள், நூறு நாள் வேலையில் மண் சுமப்பாள். அவன் மட்டும், "தூக்கத்துலயே போயிட்டா" என்று யாரிடமாவது சொல்ல ஆரம்பித்தால் எழுந்து வெளியே போய்விடுவாள். அவன் எப்போது புரண்டு படுத்தாலும் அவள் கண்ணைத் திறந்து கூரை மோட்டைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள். விடிந்து எழுந்தால் அவளுக்கு முன்னே எழுந்தவர் யாருமில்லை. முகம் சுருங்கி, கண்ணைச் சுற்றிக் கறுத்து, பத்து வயது கூடிப்போனது. தன்னை அவள் மன்னிக்கவில்லை என்று மாதேஸ்வரன் நினைத்துக்கொண்டான். மன்னிக்க வேண்டும் என்று கேட்கவும் அவனுக்கு வாய் வரவில்லை. செம்மேட்டுக்குப் போகலாமா என்று கேட்டவள் அவள். வேண்டாம் என்றவன் அவன். இதற்கு மேல் என்ன பேச்சு? இப்படியே இரண்டு வருசம் ஒரே பாயில் இரண்டு ஓரத்தில் படுத்து எழுந்தார்கள்.

மூன்றாவது கார்த்திகை வந்தது. ரேஷன் கடையில் அரிசி போடுகிற நாள். சனம் மொத்தமும் பள்ளிக்கூடத்துக்கு எதிரே வரிசையில் நின்றது. அன்றைக்குப் பார்த்துப் புதிதாக மாற்றலாகி வந்த நர்ஸ் ராதிகா, மழைக்காலம் ஆயிற்றே, பாம்புக் கடியைப் பற்றி நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம் என்று படங்களைக் கொண்டு வந்திருந்தாள். சின்னப் பெண். கீழ்நாட்டுக்காரி. இந்த ஊரின் கதை ஒன்றும் தெரியாது. பள்ளிக்கூட வராந்தாவில் படத்தை மாட்டிவிட்டுத் தெளிவாக, நல்ல குரலில் பேசினாள். தரையில் படுக்காதீங்க, கொசுவலையைப் பாய்க்கு அடியில சொருகுங்க, கடிச்ச எடத்துல கத்தி வைக்காதீங்க, மந்திரிக்கப் போகாதீங்க என்று எல்லாம் சொன்னாள்.

பிறகு கட்டுவிரியன் படத்தைக் காட்டினாள். வரிசையில் ஒரு சலசலப்பு. குப்பாயி கையைக் காட்டிக் கண்ணைக் காட்டி, போதும் என்று சாடை செய்தாள். நர்ஸுக்குப் புரியவில்லை. மாதேஸ்வரன் அரிசிப் பையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு தூணோரம் நின்றிருந்தான். போய்விடலாம் என்று நினைத்தான். ஆனாலும் போகவில்லை.

"இது கடிச்சா வலிக்காதுங்க. காலைல வயிறு வலிக்கும், வாந்தி வரும், கண்ணு சொருகும். இமையைத் தூக்க முடியாது. பாக்கறவங்களுக்குத் தூங்கற மாதிரியே இருக்கும். தூங்கறாங்கன்னு மட்டும் நெனச்சு உட்றாதீங்க. அவங்க தூங்கலை."

மாதேஸ்வரன் ஒரு அடி முன்னே வந்தான். "தூங்கலைன்னா?"

"தூங்கலைங்க அண்ணா. அறிவு முழுசா இருக்கும். வெஷம் சதையைத்தான் கட்டிப் போடுது. இமையைத் தூக்கற சதை, நாக்கு, தொண்டை, கடைசியில மூச்சு விடற சதை. மூளைக்கு ஒண்ணும் ஆகறதில்லை."

"காது?"

"காது நல்லா கேக்கும். சுத்தி நின்னு பேசறது எல்லாம் கேக்கும். பதில் சொல்ல முடியாது, அவ்வளவுதான். பொழச்சு வந்தவங்க அத்தனையும் திருப்பிச் சொல்லுவாங்க. அதனாலதான் சொல்றேன், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறப்ப அவங்ககிட்டப் பேசிக்கிட்டே போங்க. பயப்படாத, நான் பக்கத்துல இருக்கேன்னு சொல்லுங்க. அவங்களுக்கு அப்ப இருக்கற ஒரே..."

நர்ஸ் நிறுத்திவிட்டாள். எதிரே ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் கண்ணில் பட்டது. அரிசிப் பை கீழே விழுந்து கிடந்தது. மாதேஸ்வரன் மழைச்சேற்றில் நடந்து போய்க்கொண்டிருந்தான்.

வீடு பக்கம்தான். ஆனால் அவன் சுற்றிக்கொண்டு போனான். புல் மண்டிய சரிவு வரைக்கும் போய் நின்றான். கேட்டது. அவளுக்கு எல்லாம் கேட்டது. கை தட்டியது கேட்டது. குப்பாயி சிரித்தது கேட்டது. கதை முழுசும், ஈ பயந்து ஓடியது வரைக்கும், மடியில் கிடந்து கேட்டிருக்கிறாள். அப்பா, எனக்கு மூச்சு வரலை என்று உள்ளுக்குள் கத்தியிருப்பாள். அவன் தூங்குமூஞ்சி என்று கன்னத்தைக் கிள்ளியிருக்கிறான். கண்ணோரத்துத் தண்ணீரை, தூக்கத்தில் வழிகிறது என்று துடைத்திருக்கிறான். அம்மா கேட்டது, அப்பா வேண்டாம் என்றது. பிறகு அந்த வண்டி. மலை இறங்கி முடிகிற வரைக்கும் இருட்டுக்குள் கிடந்த பிள்ளை அப்பாவின் குரலுக்காகக் காத்துக்கொண்டு வந்திருக்கிறாள். அவன் வாயைத் திறக்கவில்லை. ஊருக்கே வாய் ஓயாமல் கதை சொன்னவன், அவளுக்குத் தேவைப்பட்ட அன்றைக்கு ஒரு கண்ணு, ஒரு சாமி என்றுகூடச் சொல்லவில்லை.

புல்லில் உட்கார்ந்து நெஞ்சிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு அழுதான். மழை தூறிக்கொண்டிருந்தது. பிள்ளையை மண்ணில் வைத்த அன்றுகூட அவன் அப்படி அழவில்லை.

வீட்டுக்கு வந்தபோது கோகிலா வாசலில் நின்று விறகை உள்ளே எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். நனைந்து நடுங்கி நின்றவனைப் பார்த்ததும் விறகைப் போட்டுவிட்டுத் துண்டை எடுத்து வந்தாள். இரண்டு வருசத்தில் அவள் அவன் தலையைத் துவட்டியது அன்றைக்குத்தான். அவன் அவள் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"கோகிலா, அவ தூங்கலையாம்."

அவள் கையை விடுவித்துக்கொண்டு மறுபடி துவட்டினாள்.

"அம்புட்டும் கேட்டுக்கிட்டு இருந்திருக்கா. நர்சம்மா சொல்லுது. நான் சிரிச்சதெல்லாம் கேட்டுக்கிட்டு..."

கோகிலா துண்டால் அவன் முகத்தைத் துடைத்தாள். அவள் முகத்தில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

"உனக்குத் தெரியுமா?"

"ம்."

"எப்பலருந்து?"

"அன்னிக்கே. நீங்க வெளிய கெடந்து அழுதுக்கிட்டு இருந்தீங்க. புள்ளையைத் துணி சுத்திக் குடுக்கறப்ப ஆஸ்பத்திரி ஆயாம்மா கேட்டாங்க, வர்றப்பப் பேசிக்கிட்டு வந்தியா கண்ணு, அதுகளுக்குக் காது கேக்குமேன்னு. எனக்கு அப்பவே தெரியுமுங்க."

"ரெண்டு வருசமாவா? நான் ஊரு முச்சூடும் தூக்கத்துலயே போயிட்டா, தூக்கத்துலயே போயிட்டான்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே. கேட்டுக்கிட்டுச் சும்மா இருந்தியே. எம் மேல கோவம்னா ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்ல? எங்கிட்ட ஏன் புள்ள சொல்லல?"

கோகிலா அவனைப் பார்த்தாள். கண்ணைச் சுற்றி அந்தக் கறுப்பு. கோபத்தை அதில் அவன் எத்தனையோ நாள் தேடிக் கண்டுபிடித்ததாக நினைத்திருந்தான். கிட்டத்தில் பார்த்தபோது அது வெறும் தூக்கமில்லாத கண்ணாகத்தான் இருந்தது.

"கோவமெல்லாம் இல்லீங்க" என்றாள். "நீங்க அதைச் சொல்லிக்கிட்டுத்தான் தூங்குனீங்க. ரெண்டு பேர்ல ஒருத்தராச்சும் தூங்கட்டும்னுதான் சொல்லல."